கூடத்தையும் அளந்து பாருங்கள்

சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலச் சட்டை போட்டுக்கொண்டு பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்கு வரும் மரினா மச்சான்களே,

அணி தோற்கும்போது உங்கள் கோபம் எந்தப் பக்கம் பாயும் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு ஆட்டம் போனால் முணுமுணுப்பு, நாலு போனால் 'கோச் அவுட்'. கோச் போகிறார், இன்னொருவர் வருகிறார், விமான நிலையத்தில் மாலை விழுகிறது. அடுத்த மழைக்காலத்தில் அதே குரல் அதே கேலரியிலிருந்து மறுபடி எழுகிறது. இந்தச் சுற்றை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வெறும் அறிவுரையாகச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சாட்சியாக முன்வைக்கிறேன். நீங்கள் தோளில் தூக்கிவைத்து ஆடியவர், பிறகு நீங்களே போகச் சொன்னவர்: ஓவன் கோய்ல்.

2019 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கோச் ஜான் கிரிகோரி விலகியபோது நமது கணக்கில் ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள் இருந்தன. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. அப்போது வந்தார் கோய்ல். மீதமிருந்த பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று டிரா. முப்பத்தாறு புள்ளிகளில் இருபத்துநாலை அள்ளினோம். வால்ஸ்கிஸ் கோலாக அடித்தார், கிரிவெல்லாரோவின் இடது கால் பேசியது. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று சாய்த்தோம், அங்கே 2-4 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பினோம். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் பூட்டிக் கிடந்த ஃபதோர்தா மைதானத்தில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத இறுதியாட்டத்தில் ஏடிகேயிடம் 3-1 என்று இழந்தோம். தோற்றுத் திரும்பியவரை அன்று நீங்கள் கொண்டாடினீர்கள். அது சரியான கொண்டாட்டம்தான்.

அதே மனிதர் 2023இல் திரும்பி வந்தார். இரண்டு சீசன் கழித்து, 2025இல், அவர் போனபோது யாரும் அழவில்லை. நடுவில் என்ன நடந்தது? அவருக்கு முந்தைய ஆண்டையும் சேர்த்து மூன்று வரிகளை மட்டும் படியுங்கள். 2022-23இல் தாமஸ் பிர்டாரிச்சின் கீழ் 27 புள்ளிகள், எட்டாம் இடம். 2023-24இல் கோய்லின் கீழ் 27 புள்ளிகள், ஆறாம் இடம், நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிளேஆஃப். 2024-25இல் அதே கோய்லின் கீழ் 27 புள்ளிகள், பதினோராம் இடம்.

மூன்று வருடமும் அதே இருபத்தேழு. முதல் வருடம் அது தோல்வி, கோச் போனார். இரண்டாம் வருடம் அது சாதனை, கோச்சுக்குக் கைதட்டல். மூன்றாம் வருடம் அது அவமானம், கோச்சுக்குத் திட்டு. லீக்கில் அணிகள் கூடின, ஆட்டங்கள் இருபதிலிருந்து இருபத்திரண்டாகி இருபத்துநாலாயின. அதனால் அதே 27இன் மதிப்பு வருடத்துக்கு வருடம் தேய்ந்ததுதான் உண்மை. சுற்றியிருந்தவர்கள் ஓடினார்கள், நாம் நின்ற இடத்தில் நின்றோம். நீங்களோ புள்ளிப்பட்டியலில் இடத்தைப் பார்த்து ஒரு மனிதரை வாழ்த்தினீர்கள், வைதீர்கள். புள்ளிகளைப் பார்த்திருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 2020-21இல் சாபா லாஸ்லோ, எட்டாம் இடம். 2021-22இல் போஜிடார் பாண்டோவிச், அவரை நடுவில் அனுப்பிவிட்டு நம்மூர் சாபிர் பாஷாவிடம் பொறுப்பு, எட்டாம் இடம். அடுத்து பிர்டாரிச், மறுபடி எட்டாம் இடம். அதற்கும் முன்னால், 2017-18இல் பெங்களூருவை அதன் மண்ணிலேயே 3-2 என்று வென்று நமக்கு இரண்டாவது கோப்பையைத் தந்த கிரிகோரி, அடுத்த சீசனிலேயே ஒன்பது புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்றார். ஒரே வருடத்தில் அவர் கால்பந்தை மறந்துவிட்டாரா என்ன?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சொல்லலாம். பழமொழி சரிதான். ஆனால் ஒருவர் பின் ஒருவராக வந்து ஆடும் ஒவ்வொருவருக்கும் அதே இடத்தில் கால் இடறுகிறதென்றால், ஒருமுறையாவது கூடத்தையும் அளந்து பார்க்க வேண்டாமா? கோய்லின் நாற்பது ஆண்டுக் கால்பந்து வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்விதான் ஊர் ஊராக அவரைத் துரத்தியிருக்கிறது. அதை நீங்கள் முழுதாகப் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில், 1966இல். குடும்பத்தின் வேர் அயர்லாந்தின் டொனகாலில். அந்த வேரின் உரிமையில் அயர்லாந்துக் குடியரசின் பச்சைச் சட்டையை அணிந்தார். ஒரே ஒரு தடவைதான். 1994 ஏப்ரலில் நெதர்லாந்தின் டில்பர்க்கில், மாற்று ஆட்டக்காரராக. அயர்லாந்து அன்று 1-0 என்று வென்றது. அந்தக் கோடையில் ஜாக் சார்ல்ட்டன் அமெரிக்க உலகக்கோப்பைக்கு அழைத்துப்போன அணியில் கோய்ல் இல்லை. டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி, போல்ட்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபர்ம்லின், ஃபால்கிர்க் என்று அவருடைய ஆட்டக் காலம் முழுக்க நடுத்தரக் கிளப்புகளில் கழிந்தது. பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் முக்கியமான நாளில் கோல் அடிப்பவர். 1995இல் வெம்ப்ளி பிளேஆஃப் இறுதியில் ரெடிங்கிடம் இரண்டு கோல் பின்தங்கிக் கிடந்த போல்ட்டனுக்கு முதல் கோலைத் தந்தவர் அவர்தான், போல்ட்டன் 4-3 என்று வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அடுத்த ஆண்டு டண்டீ யுனைடெட்டை ஸ்காட்லாந்தின் மேல் லீக்குக்கு ஏற்றிய கோலும் கூடுதல் நேரத்தில் அவர் காலிலிருந்து வந்தது.

கோச்சாக அவருக்குக் கிடைத்த முதல் பாடத்தைக் கேளுங்கள். 2003இல் ஜான் ஹியூஸுடன் சேர்ந்து ஃபால்கிர்க் அணியைக் கவனித்தார். அணி இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பிடித்தது. ஆனாலும் மேலே ஏற்றவில்லை. அவர்களுடைய பழைய பிராக்வில் மைதானம் மேல் லீக்கின் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று கதவை மூடிவிட்டார்கள். கோச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாகிவிட்டது, ஆட்டக்காரர்களும் வென்றுவிட்டார்கள், மைதானம்தான் தோற்றது.

இரண்டாம் பாடம் செயின்ட் ஜான்ஸ்டனில். 2006-07இல் ரேஞ்சர்ஸை அதன் சொந்த ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே வென்றார், இரண்டு கோப்பைகளிலும் அரையிறுதிவரை போனார். லீக்கின் கடைசி நாளில் முதலிடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேறொரு ஊரில் கிரெட்னா என்ற அணி காயநேரத்தில் அடித்த கோல் அதைத் தட்டிப் பறித்தது. அந்த கிரெட்னா ஒரே பணக்காரரின் பாக்கெட்டை நம்பி வளர்ந்த கிளப். அவர் நோய்வாய்ப்பட்டுப் பணம் நின்றதும் அடுத்த ஆண்டே மறைந்துபோனது. கோய்ல் வெளியேறிய பிறகும் செயின்ட் ஜான்ஸ்டன் தன் வழியில் பொறுமையாக நடந்தது. 2009இல் மேலே ஏறியது, 2014இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது, 2020-21இல் ஒரே சீசனில் இரண்டு கோப்பைகளைத் தூக்கியது. அந்த மூன்று வெற்றிகளின்போதும் மூன்று வெவ்வேறு கோச்கள் இருந்தார்கள். கிளப்பின் எலும்பு உறுதியாக இருந்தால் கோச் மாறினாலும் நடை மாறாது.

பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. 2007 நவம்பரில் பர்ன்லிக்குப் போனார். ஒருகாலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த சிறிய ஊர் அது. 2008-09 சீசனில் அந்த அணி 61 ஆட்டங்கள் ஆடியது. லீக் கோப்பையில் செல்சியையும் அர்செனலையும் வெளியேற்றியது. அரையிறுதியில் டாட்டன்ஹாமிடம் முதல் ஆட்டத்தில் 4-1 என்று தோற்று, சொந்த மண்ணில் மூன்று கோல் அடித்துச் சமன்செய்து, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் வீழ்ந்தது. அப்படியும் மனம் உடையாமல் மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 1-0 என்று வென்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு மேல் லீக்குக்கு ஏறியது. ஏறிய கையோடு, ஆகஸ்டில், நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டை ராபி பிளேக்கின் ஒற்றைக் கோலில் சாய்த்தது. அந்தக் கோடையில் செல்டிக் அழைத்தும் கோய்ல் போகவில்லை. பர்ன்லியில் அவர் கடவுள்.

ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை அந்தக் கடவுள் பட்டம். 2010 ஜனவரியில், சீசன் நடுவில், பக்கத்து ஊர் போல்ட்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி ரசிகர்கள் அவரை 'யூதாஸ்' என்றார்கள். அணி அந்த ஆண்டே கீழே இறங்கியது. உங்களில் பலருக்கும் இதே வலி உண்டு. 2020இல் நம்மை இறுதிவரை கொண்டுபோனவர் அடுத்த சீசனில் ஜாம்ஷெட்பூரின் பெஞ்சில் உட்கார்ந்ததும், வால்ஸ்கிஸும் அங்கேயே போனதும் உங்களைச் சுட்டது. கோபம் நியாயம்தான். ஆனால் நாலு தோல்விக்குள் வேலை போய்விடும் என்று தெரிந்த ஒருவரிடம், நல்ல காலத்தில் மட்டும் நம்மோடு தங்கிவிடு என்று எப்படிக் கேட்பீர்கள்? நிலையான இடத்தைத் தராத கிளப்புக்கு நிலையான விசுவாசத்தைக் கேட்க உரிமை குறைவு. யூதாஸ் என்று எழுதும் கையும் 'அவுட்' என்று எழுதும் கையும் பெரும்பாலும் ஒரே கைதான்.

போல்ட்டனில் நடந்ததை நிதானமாகப் படியுங்கள், நமக்கான கதை அங்கேதான் இருக்கிறது. முதல் வருடம் அணியைத் தப்பவைத்தார். 2011இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிவரை போனார், அங்கே ஸ்டோக்கிடம் 5-0 என்று மோசமாகத் தோற்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. நடுக்களத்தின் உயிராக இருந்த ஸ்டூவர்ட் ஹோல்டன் முழங்காலை இழந்தார். லீ சுங்-யோங் சீசன் தொடங்கும் முன்பே காலை உடைத்துக்கொண்டார். எல்மாண்டர் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்குக் காசு எதுவும் வராமலேயே போனார். இரவலாக வந்த ஸ்டரிட்ஜ் செல்சிக்குத் திரும்பினார். 2012 ஜனவரியில் கேஹிலையும் செல்சி வாங்கிக்கொண்டது. கிளப்பின் கடன் பத்துக் கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது, போனவர்களுக்கு ஈடாக வாங்கக் காசில்லை. மார்ச் 17 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்ட்டனின் ஃபப்ரிஸ் முவாம்பா நெஞ்சடைத்து விழுந்தார். 78 நிமிடம் இதயம் நின்றிருந்தது. கோய்ல் மருத்துவமனைக்கு ஓடினார், அந்த நாட்களில் குடும்பத்தோடு நின்றார். முவாம்பா பிழைத்தார், ஆனால் அதன்பின் ஆடவில்லை.

மே 13, சீசனின் கடைசி நாள். உங்களுக்கு அந்த நாள் பட்டத்தைத் தீர்மானித்த அகுவேரோவின் கோலாகத்தான் நினைவிருக்கும். அதே மணி நேரத்தில் ஸ்டோக்கில் போல்ட்டன் 2-1 என்று முன்னணியில் இருந்து, பிறகு ஒரு பெனால்ட்டியில் 2-2 ஆகி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழே இறங்கியது. அன்று ஸ்டோக்கின் முதல் கோலே, கோல்கீப்பரின் கைக்கு வந்துவிட்ட பந்தைத் தட்டி உள்ளே தள்ளியது. அக்டோபரில் கோய்லை நீக்கினார்கள். கோச் போனார், பிரச்சினை தீர்ந்ததா? அடுத்தடுத்து வந்த கோச்களும் போனார்கள். 2019இல் கிளப் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது, 2020இல் நாலாம் நிலை லீக்குக்கு விழுந்தது. கடனுக்கு 'அவுட்' சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவரைத் திட்டித் தீர்த்த பர்ன்லியோ வேறு வழியில் போனது. 2012இல் ஷான் டைச்சை அழைத்தார்கள். அவர் 2014இல் மேலே ஏற்றினார், 2015இல் கீழே இறங்கினார். இறங்கியவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே சாம்பியனாக மேலே வந்தார். பிரீமியர் லீக் பணத்தைக் கரைக்காமல் பயிற்சி மையம் கட்டினார்கள். 2018இல் ஏழாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள்.

மூன்றாவது ஊர் பிளாக்பர்ன். 1995இல் பிரீமியர் லீக்கை வென்ற கிளப். 2010இல் அதை வாங்கியவர்கள் நம் நாட்டவர், புனேயின் வெங்கிஸ் நிறுவனம். அணி தடுமாறியதும் அங்கே எழுந்த முதல் முழக்கம் கோச் ஸ்டீவ் கீன் வெளியேற வேண்டும் என்பதுதான். அணி 2012இல் இறங்கியது, கீனும் போனார். அதன்பின் வந்த ஹென்னிங் பெர்க் 57 நாள் தாங்கினார், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். கோபம் உரிமையாளர்கள் பக்கம் முழுதாகத் திரும்புவதற்குள் கிளப்பின் மதிப்பு கரைந்துவிட்டது. 2016இல் கோய்ல் அங்கே போனபோது, பரம எதிரி பர்ன்லியின் பழைய கோச் என்பதே ரசிகர்களுக்குப் போதுமான குற்றமாக இருந்தது. 2017 பிப்ரவரியில் அவரும் வெளியேறினார். அந்த சீசன் முடிவில் அணி மூன்றாம் நிலைக்கு இறங்கியது.

கோய்லுக்குப் புனிதர் பட்டம் கொடுக்க நான் வரவில்லை. அவர் அணிகள் திறந்து ஆடும், திறந்த வீட்டுக்குள் எதிரியும் எளிதில் நுழைவான். போல்ட்டன் இறங்கிய சீசனில் வாங்கிய கோல்கள் 77. எஃப்.ஏ. கோப்பையை வென்ற கையோடு கீழே இறங்கியிருந்த விகனை 2013இல் ஏற்றார், டிசம்பர் தொடங்கியதும் வேலை போனது. ஹூஸ்டனிலும் ராஸ் கவுன்டியிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. 2024-25இல் நம் அணி ஆடிய விதத்துக்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். நல்ல கோச், கெட்ட கோச் என்ற வித்தியாசம் உண்மைதான். நான் கேட்பது, அந்த வித்தியாசத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே.

அந்த எல்லையைப் பார்க்க ஜாம்ஷெட்பூரைவிட நல்ல இடமில்லை. 2021-22இல் அதே கோய்ல் இருபது ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்து லீக் ஷீல்டை வென்றார், அதுவரை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) காணாத கணக்கு. ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், காலி மைதானங்களில். ஆகவே ரசிகர் முழக்கம் தூக்கிவிட்டது என்று சொல்லமுடியாது. பின்னால் இருந்தது டாடா ஸ்டீல். 1987 முதல் டாடா கால்பந்து அகாடமி இயங்கும் ஊர் அது. அணிக்கு கிரெக் ஸ்டூவர்ட் போன்ற ஒருவரைத் தேடிக் கொண்டுவந்தார்கள், அவர் பத்து கோல் அடித்தார். மறு ஆண்டு கோய்லும் இல்லை, ஸ்டூவர்ட்டும் இல்லை. அணி பத்தாம் இடத்துக்கு விழுந்தது. கோச் முக்கியம், ஆட்டக்காரர் தேர்வும் அதே அளவுக்கு முக்கியம், இரண்டையும் ஒருசேர இழந்தால் எந்த அகாடமியும் ஒரே வருடத்தில் காப்பாற்றாது என்பதற்கு அதே ஊர்தான் சாட்சி.

இனி நம் கூடத்தை அளப்போம். ஐஎஸ்எல் ஆட்டத்தில் களத்தில் நாலு வெளிநாட்டவருக்குமேல் ஆடமுடியாது. பதினொருவரில் குறைந்தது ஏழு பேர் இந்தியர்கள். வால்ஸ்கிஸ் போனார், அடுத்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் யார் என்று நீங்கள் இரவெல்லாம் வாதாடுகிறீர்கள். அந்த ஏழு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? வியாசர்பாடியை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த வியாசர்பாடியின் தனபால் கணேஷ் நடுக்களத்தில் நின்றபோதுதான் 2018இல் கோப்பை வந்தது. அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர் பெயர் வாங்கியது ஒடிசாவிலும் கொல்கத்தாவிலும். 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்தி ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நெடுநாள் தாகத்தைத் தீர்த்தது அவருடைய கோல். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜை ஜாம்ஷெட்பூர் வளர்த்துக்கொண்டது. 2018-19இல் ஐ-லீக்கையே வென்ற சென்னை சிட்டி இன்று மேல் அடுக்கில் இல்லை. இவையெல்லாம் எந்தக் கோச்சின் குற்றம்?

2025 ஆகஸ்டை மறந்துவிடாதீர்கள். லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததால் சீசன் எப்போது தொடங்கும் என்றே தெரியவில்லை. நம் கிளப் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அன்று திட்டுவதற்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு கோச்சும் நிற்கவில்லை. அணி என்பது கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்பந்தம், உரிமையாளரின் முதலீடு, அரசுக்குச் சொந்தமான மைதானம், பிள்ளைகளின் பயிற்சி எல்லாம் சேர்ந்து நிற்கும் ஒன்று என்பது அந்த மாதங்களில் நம் எல்லோருக்கும் உறைத்தது. பிறகு கிளிஃபோர்ட் மிராண்டா கோச்சாக வந்தார், சூப்பர் கோப்பையில் அணி தடுமாறியது. பழைய குரல் உடனே தொண்டை கனைத்தது.

ரசிகன் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வார் என்று நீங்கள் சலிப்பது எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டையே பாருங்கள். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர் குழுவான மஞ்ஞப்படை தங்கள் நிர்வாகத்தை எதிர்த்து வெளிப்படையாகப் போராட்டம் அறிவித்தது. சில நாட்களில் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? கோச் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது. கேள்வி நிர்வாகத்துக்கு, பதிலாகக் கொடுத்தது கோச்சின் தலை. இதற்காகத்தான் கேள்வியைத் துல்லியமாகக் கேட்கவேண்டும் என்கிறேன். பொத்தாம்பொதுவான கோபத்துக்கு மிக மலிவான பதில் கோச் மாற்றம். அந்தப் பதிலை ஏற்கமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் அடுத்த பதில் வரும். ரசிகர் குரலுக்கு வலு இல்லை என்பதும் பொய். 2021 ஏப்ரலில் ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேர்ந்த ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் ரசிகர்களின் எதிர்ப்புக்கு இரண்டே நாளில் பின்வாங்கின. அங்கே அவர்கள் கேட்டது யாருடைய தலையையும் அல்ல, ஒரு முடிவைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்பும் எல்லா ரசிகர் குழுக்களும் சேர்ந்து கிளப்புக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மூன்றே கேள்விகள் போதும். போன சீசன் ஆடியவர்களில் எத்தனை பேரை வைத்துக்கொண்டீர்கள், அனுப்பியவர்களை ஏன் அனுப்பினீர்கள்? ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்வது யார், கோச்சுக்கு அதில் எவ்வளவு பங்கு? இளையோர் அணிகளிலிருந்து முதல் அணிக்கு இந்த ஆண்டு எத்தனை பேர் ஏறுவார்கள், அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? இவற்றுக்குப் பொதுவெளியில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முதல் வீட்டு ஆட்டத்தில் கேலரியில் தொங்கும் பதாகையில் இந்த மூன்று கேள்விகளும் இருக்கட்டும்.

இரண்டாவது, எந்தக் கோச் வந்தாலும், இந்தியரோ அயர்லாந்துக்காரரோ ஸ்பானியரோ, லீக்கில் எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதி முடிக்கும்வரை 'அவுட்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். ஆட்டத்தை விமர்சியுங்கள், தப்பான மாற்றங்களைத் திட்டுங்கள், கைதட்ட வேண்டாம் என்றால் கைகட்டி உட்காருங்கள். தலையை மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சுற்று முடிந்ததும் இடத்தைப் பார்க்காமல் புள்ளிகளை எண்ணுங்கள், யார் கையில் என்ன கொடுத்தோம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு முடிவு சொல்லுங்கள், அந்த முடிவுக்கு எடை இருக்கும்.

மூன்றாவது, ஐஎஸ்எல் இல்லாத நாட்களில் சென்னை லீக் ஆட்டங்களுக்கும் இளையோர் ஆட்டங்களுக்கும் வாருங்கள். அங்கே ஆடும் பதினாறு வயதுப் பையனின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவனை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும். பெயர் சொல்லிக் கேட்கும் கேள்வியை எந்த நிர்வாகமும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

உரக்கக் கத்தத் தெரிந்த கேலரி நம்முடையது. அந்தக் குரலை ஓரத்தில் நிற்கும் ஒற்றை மனிதர்மீது செலவழித்தது போதும். அடுத்த சீசனுக்கு முந்தைய கடிதத்தில் உங்கள் குழுவின் பெயரையும் சேருங்கள்.

அன்புடன்,
உங்களோடு கேலரியில் கத்தும் ஒருவன்